பதில்: இரு அச்சுகளிலும் 0 வந்தும் எல்லை ஏன் இல்லை?

எல்லை 0 என்று நீங்கள் கண்டிருக்க, புத்தகத்தின் விடைப் பகுதி எல்லை இல்லை என்கிறதே, எது சரி என்று கேட்டிருந்தீர்கள். விடைப் பகுதியில் உள்ளதே சரி. எக்ஸ்·ஒய் / (எக்ஸ்² + ஒய்²) என்ற சார்புக்கு ஆதிப்புள்ளியில் (0, 0) எல்லை, அதாவது எந்த வழியாக வந்தாலும் சார்பு நெருங்கும் ஒரே மதிப்பு, கிடையாது. நீங்கள் எக்ஸ் அச்சு வழியாகவும் ஒய் அச்சு வழியாகவும் வந்து 0 கண்டது உண்மைதான், ஆனால் ஒய் = எக்ஸ் என்ற கோட்டின் வழியாக வந்தால் மதிப்பு முழுக்க ½ ஆகவே இருக்கிறது.

மலேசியப் பள்ளியின் படிவம் 5 கூடுதல் கணிதத்தில் ஒரே மாறி என்பதால் இடம், வலம் என்ற இரு பக்கங்களைப் பார்த்தால் போதும்; அந்தப் பழக்கமே உங்களை இங்கே ஏமாற்றியிருக்க வேண்டும். சுங்கை சிப்புட்டில் தோட்டத்துப் பக்கம் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். செம்பனையை (எண்ணெய்ப்பனையை) முக்கோண அமைப்பில் நடுவதால், ஒரு மரத்தடிக்கு நேர்வரிசையில் மட்டுமன்றிச் சாய்வரிசைகளிலும் நடந்து வரலாம் அல்லவா? தளத்தில் ஒரு புள்ளிக்கு வரும் வழிகளோ எண்ணற்றவை.

ஒய் = ம·எக்ஸ் என்று பிரதியிட்டுப் பாருங்கள். விடை ம / (1 + ம²) என வரும். அதில் சாய்வு ம எஞ்சி நிற்பதால், திசைக்குத் திசை மதிப்பு மாறுகிறது.

ஆயினும், எல்லா நேர்கோடுகளிலும் ஒரே மதிப்பு வந்துவிட்டால் எல்லை உண்டு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எக்ஸ்²·ஒய் / (எக்ஸ்⁴ + ஒய்²) எந்த நேர்கோட்டிலும் 0-ஐயே நெருங்கும்; ஒய் = எக்ஸ்² என்ற பரவளையத்திலோ ½ தரும். பாதைகளைக் கொண்டு எல்லை இல்லை என்று காட்டலாம். உண்டு என்று நிறுவ, சார்பின் மதிப்புக்கும் எல்லைக்கும் உள்ள வேறுபாடு, கோணத்தைச் சாராமல் ஆதிப்புள்ளியிலிருந்து உள்ள தூரத்தை மட்டுமே பொறுத்த ஓர் அளவுக்குள் அடங்குவதையும், தூரம் குறையக் குறைய அந்த அளவு 0-ஐ நெருங்குவதையும் காட்ட வேண்டும்.