அம்மாவுக்குத் துணையாக ஒரு கவாலியர் வாங்கலாமா?

கேள்வி: அப்பா இறந்து ஒரு வருடம் ஆகிறது. 67 வயது அம்மா தனியாக இருக்கிறார். நான் வேறு ஊரில் வேலை பார்க்கிறேன். துணைக்கு ஒரு நாய் வாங்கித் தரலாம் என்று கவாலியர் கிங் சார்லஸ் ஸ்பேனியல் குட்டி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். “ராஜா வளர்த்த இனம், ரொம்ப சாது, வீட்டுக்கும் காவல்” என்கிறார் விற்பவர். அலுவலகத் தோழியோ, “இதய நோயோடு பிறக்கிற நாய் அது, வேண்டவே வேண்டாம்” என்கிறாள். யார் சொல்வதை நம்புவது? உண்மையில் இந்த நாயின் கதைதான் என்ன?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: இருவரும் ஆளுக்குப் பாதி உண்மை சொல்லியிருக்கிறார்கள், சகோதரி. விற்பவர் சொன்னதில் ‘காவல்’ என்பதை மட்டும் முதலில் அடித்துவிடுங்கள். அழைப்பு மணி அடித்தால் கவாலியர் இரண்டு முறை குரைக்கும். கதவு திறந்ததும், வந்தவர் யாரென்று பார்க்காமல், வாலோடு இடுப்பையும் சேர்த்து ஆட்டிக்கொண்டு அவர் காலடியில் போய் நிற்கும். திருடன் வந்தாலும் அதே வரவேற்புதான். அதைக் குறை சொல்லிப் பயனில்லை. மனிதர் மடியில் உட்காருவதற்கென்றே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்த நாய் அது.

சரி, கதைக்கு வருவோம். உங்கள் தோழியின் பயத்துக்கான காரணமும் அந்தக் கதைக்குள்தான் இருக்கிறது.

16-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வேட்டைக்குப் போகும் ஸ்பேனியல்களோடு, வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் பொடி ஸ்பேனியல்களும் இருந்தன. அரச குடும்பத்து மருத்துவராக இருந்த ஜான் கேயஸ் 1570-ல் நாய்களைப் பற்றி எழுதியபோது இவற்றையும் சேர்த்துக்கொண்டார். வயிற்றுவலிக்காரர்கள் இந்த நாயை வயிற்றோடு அணைத்துக்கொண்டால் வலி குறையும் என்றார். அதே மூச்சில், சீமாட்டிகள் இதை வைத்துக் கொஞ்சிப் பொழுதைப் போக்குகிறார்கள் என்று திட்டவும் செய்தார். அந்தக் காலத்துச் சுடுதண்ணீர்ப் பை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

பெயருக்குக் காரணமான ராஜா இரண்டாம் சார்லஸ். அவர் சிறுவனாக இருந்தபோது, 1637-ல், வான் டைக் வரைந்த ஓவியம் ஒன்று உண்டு. அவருடைய அப்பா முதலாம் சார்லஸின் மூத்த பிள்ளைகள் ஐந்து பேரும் அதில் நிற்கிறார்கள். வலது ஓரத்தில் வெள்ளையும் பழுப்புமாக ஒரு சின்ன ஸ்பேனியல். வேடிக்கை என்னவென்றால், பின்னாளில் அந்த இனத்துக்கே பெயர் கொடுக்கப்போகிற ஏழு வயதுப் பையன் கை வைத்திருப்பது நடுவில் உட்கார்ந்திருக்கும் பிரம்மாண்டமான மாஸ்டிஃப் இன நாயின் தலையில்!

1660-ல் அரியணை ஏறிய பிறகு அவர் இந்தக் குட்டி நாய்களை விட்டுப் பிரியவே இல்லை. 1667-ல் ஆலோசனைக் கூட்டம் ஒன்றுக்குப் போய்வந்த சாமுவேல் பெப்பிஸ், ராஜா காரியத்தைக் கவனிக்காமல் கூட்டம் முழுக்க நாயோடு விளையாடிக்கொண்டிருந்ததாக எரிச்சலோடு நாட்குறிப்பில் எழுதிவைத்தார். இன்னொரு நாட்குறிப்புக்காரர் ஜான் ஈவ்லின் எழுதியது இன்னும் மோசம். பெட்டை நாய்கள் ராஜாவின் படுக்கையறையிலேயே குட்டி போட்டுப் பால் கொடுத்தனவாம், அரண்மனையே நாறியதாம். இந்த நாய் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குள் கூடப் போகலாம் என்று சார்லஸ் சட்டம் போட்டதாக ஒரு கதை உலவுகிறது. உங்களிடம் விற்பவரும் சொல்லக்கூடும். அப்படி ஒரு சட்டத்தை யாரும் கண்டுபிடித்துக் காட்டியதில்லை.

பின்னால் வந்த ராஜா மூன்றாம் வில்லியம் காலத்தில் பக் நாய்களுக்கு மவுசு கூடியது. தட்டை முகம் அழகென்று ஆனது. ஸ்பேனியலின் மூக்கும் மெல்ல மெல்லக் குட்டையாகி, மண்டை உருண்டையாகி, விக்டோரியா காலம் முடிவதற்குள் அது வேறொரு நாயாகவே மாறிவிட்டது. ‘கிங் சார்லஸ் ஸ்பேனியல்’ என்ற பெயர் இன்றும் அந்தத் தட்டை முக நாய்க்குத்தான். நீங்கள் பார்த்து வைத்திருப்பது முன்னால் ‘கவாலியர்’ சேர்ந்த இன்னொரு இனம். இரண்டையும் குழப்பிக்கொண்டு விற்பவர்களும் உண்டு, கவனம்.

மகாராணி விக்டோரியாவின் டாஷ் என்ற நாயைப் பற்றி ஒரு வரி சொல்லாமல் போக மனமில்லை. 1838 ஜூன் 28, முடிசூட்டு நாள். அத்தனை சடங்கும் முடிந்து அரண்மனைக்குத் திரும்பிய 19 வயது ராணி, மாடிக்குப் போய் டாஷைக் குளிப்பாட்டினார். தனிமையில் வளர்ந்த பெண் அவர். இந்த நாய் யாருக்கு, எதற்கு என்று கேட்டால் நான் அந்தச் சம்பவத்தைத்தான் சொல்வேன்.

இனி முக்கியமான இடம். 1920-களில் ராஸ்வெல் எல்ட்ரிட்ஜ் என்ற அமெரிக்கர் இங்கிலாந்துக்கு வந்து, பழைய ஓவியங்களில் இருக்கிற நீள மூக்கு ஸ்பேனியலைத் தேடினார். எங்கு பார்த்தாலும் தட்டை முகம். கடுப்பானவர், பழைய தோற்றத்தில் ஒரு நாயைக் கொண்டுவருபவருக்கு 25 பவுண்டு பரிசு என்று 1926-ல் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில் அறிவித்தார். ஆண், பெட்டை இரண்டுக்கும் தனித்தனிப் பரிசு. பெருமைக்குரிய காட்சி நாய்களை வைத்திருந்தவர்கள் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். சிலர் மட்டும், தங்கள் வீட்டுக் குட்டிகளில் மூக்கு நீண்டுபோய் ‘கழிவு’ என்று ஒதுக்கப்பட்டவற்றைத் தேடி எடுத்தார்கள். 1928-ல் சங்கம் அமைந்தது. ஆன்ஸ் சன் என்ற நாயை மேசைமேல் நிறுத்தி, பழைய ஓவியப் பிரதிகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கவாலியர் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதினார்கள். எல்ட்ரிட்ஜ் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. பிறகு இரண்டாம் உலகப் போர் வந்தது. பெரிய கென்னல் (நாய் வளர்ப்பகம்) ஒன்றிலேயே 60 நாய்கள் 3 ஆகக் குறைந்தன. 1945-ல்தான் நாய் இனங்களைப் பதிவு செய்யும் பிரிட்டிஷ் கென்னல் கிளப் இதைத் தனி இனமாக ஏற்றது.

அதாவது, விரல்விட்டு எண்ணக்கூடிய சில நாய்களிலிருந்து இன்று உலகெங்கும் இருக்கும் அத்தனை கவாலியர்களும் வந்திருக்கின்றன. நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் நடந்தால் அழகும் வரும், நோயும் வரும். மூக்கையும் காதையும் பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்கள் இதயத்தைப் பார்க்கவில்லை. பார்க்க அன்று வழியும் இல்லை.

தோற்றம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, நீங்கள் குட்டியைப் பார்த்துவிட்டீர்கள். வளர்ந்தால் 6 முதல் 8 கிலோ, உயரம் ஓரடியை ஒட்டி. நான்கு நிறக் கட்டு உண்டு: வெள்ளையில் செம்பழுப்பு, மூவண்ணம், கறுப்பும் செம்பழுப்பும், முழுச் செம்பழுப்பு. முதலாவதற்கு மார்ல்பரோ கோமகன் குடும்பத்து மாளிகையின் பெயரால் பிளென்ஹிம் என்று பெயர். சிலவற்றுக்கு நெற்றி நடுவில் பொட்டு மாதிரி ஒரு புள்ளி இருக்கும். போர்ச் செய்திக்குக் காத்திருந்த கோமகள் பதற்றத்தில் கர்ப்பிணி நாயின் நெற்றியைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இருந்தாராம், குட்டிகளெல்லாம் அந்தத் தடத்தோடு பிறந்தனவாம். அழகான கட்டுக்கதை. காது முடி தண்ணீர்க் கிண்ணத்தில் விழுந்து நனையும், சோபாவில் முடி கொட்டும், காதுக்குப் பின்னாலும் தொடையிலும் சிக்கு விழும். வாரத்தில் மூன்று நான்கு நாள் சீப்பு போட அம்மாவால் முடிய வேண்டும்.

குணத்தில் இதைக் குறை சொல்ல ஆள் கிடைப்பது கஷ்டம். குழந்தை, பூனை, இன்னொரு நாய், யாரோடும் ஒத்துப்போகும். சொல்லிக் கொடுத்தால் சீக்கிரம் கற்கும், அதட்டினால் சுருங்கிவிடும். பெரிய ஓட்டம் வேண்டாம். அம்மாவுக்கு முடிகிற அளவு காலை ஒரு நடை, மாலை ஒரு நடை போதும். ஆனால் வேட்டை நாயின் ரத்தம் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. பறவையோ பட்டாம்பூச்சியோ பறந்தால் வண்டி வருவது கூடத் தெரியாமல் பின்னால் ஓடும். வெளியே போனால் கயிறு கையில் இருந்தே ஆக வேண்டும். அப்புறம், பெருந்தீனி. பாவமாகப் பார்த்தே ஒரு வாய் வாங்கிவிடும், அம்மாக்கள் இதில் சுலபமாகத் தோற்பார்கள். இந்த இனத்தில் அதிக எடை நேராக இதயத்துக்குச் சுமை.

இதன் ஒரே பெரிய நிபந்தனை, ஆள் கூட இருக்க வேண்டும். குளியலறைக் கதவுக்கு வெளியே படுத்துக் காத்திருக்கும் நாய் இது. காலையில் பூட்டிக்கொண்டு போய் இரவு வருகிற வீட்டில் இதை வைப்பது கொடுமை. உங்களுக்கென்றால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். நாள் முழுக்க வீட்டில் இருக்கும் அம்மாவுக்குக் குணப்பொருத்தம் நன்றாகவே இருக்கிறது.

இனி இதயம். உங்கள் தோழியின் பயம் மிகையல்ல, நோயோடு பிறக்கிறது என்பது மட்டும்தான் சரியில்லை. இதயத்தின் இடது பக்கம் மைட்ரல் வால்வு என்று ஒன்று உண்டு. வயதாக ஆக அது தடித்து, சரியாக மூடாமல், ரத்தம் பின்னோக்கிக் கசியும். பல இனங்களில் முதுமையில் வருகிற இந்த நோய் கவாலியருக்கு இளமையிலேயே தொடங்கிவிடுகிறது. ஐந்து வயதில் ஏறக்குறையப் பாதி நாய்களுக்கு ஸ்டெதஸ்கோப்பில் மர்மர் சத்தம் (ரத்தம் கசியும் இரைச்சல்) கேட்கும், பத்து வயதில் அநேகமாக எல்லாவற்றுக்கும். இந்த இனத்தின் சாவுக்கு முதல் காரணமும் இதுதான். ஆனால் மர்மர் கேட்ட மறுநாளே நாய் போய்விடாது, பல வருடம் சாதாரணமாக ஓடியாடும். இதயம் பெரிதாகத் தொடங்கும் கட்டத்தில் பிமோபெண்டன் மாத்திரை கொடுத்தால் இதயச் செயலிழப்பு சராசரியாக 15 மாதம் தள்ளிப்போவதாக 2016-ல் வெளிவந்த பெரிய ஆய்வு காட்டியது. அதனால் வருடத்துக்கு ஒருமுறை இதயப் பரிசோதனை கட்டாயம். மர்மர் வந்த பிறகு அம்மா வீட்டில் செய்யக்கூடியது ஒன்று: நாய் அசந்து தூங்கும்போது மார்பு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுவது. 30-க்குக் கீழே இருந்தால் நிம்மதி. தொடர்ந்து மேலே போனால் அன்றே மருத்துவர்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். சில கவாலியர்களுக்கு மண்டைக்குள் மூளைக்கு இடம் போதாது. அதனால் தண்டுவடத்துக்குள் நீர்ப்பைகள் உருவாகி வலி கொடுக்கும். சிரிங்கோமைலியா என்பார்கள். நடந்துகொண்டே இருக்கும் நாய் திடீரென்று நின்று, ஒரு பக்கத் தோளை நோக்கிப் பின்காலால் சொறியும், ஆனால் கால் உடம்பைத் தொடவே தொடாது. காற்றில் சொறிவது பார்க்கச் சிரிப்பாக இருக்கும். உண்ணி என்று பவுடர் போட்டு நாளைக் கடத்தக் கூடாது. நார்வேயில் இந்த இனத்தின் இப்போதைய இனப்பெருக்கம் விலங்கு நலச் சட்டத்துக்கு எதிரானது என்று 2022-ல் ஓஸ்லோ நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கவாலியர் விஷயத்தில் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் 2023-ல் அதையே உறுதி செய்தது. விஷயம் அந்த அளவுக்குப் போயிருக்கிறது.

என் கருத்து இது. அம்மாவுக்குக் கவாலியர் வாங்கலாம், ஆனால் குட்டி வேண்டாம். கழிப்பறைப் பழக்கம், கடி, இரவு அழுகை எல்லாம் 67 வயதில் எதற்கு? நான்கைந்து வயதான ஒரு நாயைத் தேடுங்கள். காட்சியிலிருந்தோ இனப்பெருக்கத்திலிருந்தோ ஓய்வு கொடுக்கப்பட்ட நாய்கள் வீடு தேடிக்கொண்டுதான் இருக்கின்றன, வளர்த்தவர் வெளிநாடு போனதால் கைமாறும் நாய்களும் உண்டு. அந்த வயதில் இதயம் சுத்தமாக இருக்கிறது என்று மருத்துவர் சொன்னால், அதுவே குட்டியிடம் கிடைக்காத உத்தரவாதம். கணவரை இழந்து ஒரு வருடமே ஆனவர் மூன்று நான்கு வருடத்தில் நோயாளி நாயைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு அலைவதை நாமாக ஏற்பாடு செய்ய வேண்டாமே.

முக்கியமான ஒன்று உங்கள் கடிதத்தில் இல்லை. அம்மாவிடம் கேட்டீர்களா? ஆச்சரியப் பரிசாக உயிரைக் கொடுக்காதீர்கள். அவர் இரண்டு நாள் வெளியூர் போக வேண்டியிருந்தால் நாயை யார் பார்ப்பார்கள், மருத்துவரிடம் யார் கூட்டிப்போவார்கள், மருந்துச் செலவு யாருடையது என்பதையும் பேசி முடித்துவிட்டு அப்புறம் தேடுங்கள்.

இல்லை, பார்த்து வைத்த அந்தக் குட்டிதான் என்று அம்மாவே ஆசைப்பட்டால், தாய் தந்தை இரண்டின் இதயப் பரிசோதனைச் சான்றிதழையும் கேளுங்கள். இரண்டரை வயதுக்கு முன் இனப்பெருக்கம் செய்யக் கூடாது, தாத்தா பாட்டி நாய்களுக்கும் ஐந்து வயதில் இதயம் சுத்தமாக இருந்திருக்க வேண்டும் என்பது பொறுப்பான வளர்ப்பாளர்கள் வைத்திருக்கும் விதி. மண்டை, தண்டுவடத்துக்கு எம்.ஆர்.ஐ. எடுத்திருந்தால் இன்னும் நல்லது. “அதெல்லாம் எதுக்கு மேடம், குட்டி எப்படி ஓடுது பாருங்க” என்று பதில் வந்தால், அட்வான்ஸ் கொடுக்காமல் கிளம்பிவிடுங்கள்.