சின்ன வயசு நியூமோனியா, பெரிய வயசு சுவாசப்பை

கேள்வி: மகனுக்கு ஒண்டரை வயசில நியூமோனியா வந்து ஒரு கிழமை வாட்டில இருந்தவன். இப்ப ஆறு வயசு, நல்லா ஓடித் திரியிறான். ஆனா அப்பிடி வந்த பிள்ளையளுக்குப் பிறகு சுவாசப்பை பழுதாகும் எண்டு பேஸ்புக்கில பார்த்ததில இருந்து எனக்கு நித்திரை இல்லை. உண்மையோ?
- ஒரு அம்மா, உப்புவெளி, திருகோணமலை

பதில்: தங்கச்சி, முதல்ல பயத்த விடுங்கோ. நீங்க பார்த்தது அநேகமா பிரிட்டன் ஆய்வு, 1946 மார்ச்சில பிறந்த பிள்ளையள வாழ்நாள் முழுக்கத் தொடர்ந்து பார்த்துக்கொண்டு வந்தவை, அதில 3589 பேரின்ர விபரத்த வைச்சு 2023இல ஒரு முடிவு வந்தது. ரெண்டு வயசுக்கு முதல் நெஞ்சில கிருமித் தொற்று வந்தவை 73 வயசுக்குள்ள சுவாச நோயால சாகிற ஆபத்து 93 வீதம் கூட எண்டு. கேக்கப் பயமாத்தான் இருக்கும், ஆனா உண்மைக் கணக்கு நூறு பேரில கிட்டத்தட்ட ஒராளா இருந்தது ரெண்டு பேராகுது, அவ்வளவுதான். இதைச் சொல்லாம 93ஐ மட்டும் போடுறது எனக்குச் சரியான கோவம். அதோட அது போர் முடிஞ்ச கையோட, நிலக்கரிப் புகைக்குள்ள வளர்ந்த தலைமுறை.

சுவாசப்பை இருபது வயசு தாண்டும் வரைக்கும் வளரும். அதால வீட்டில விறகடுப்புப் புகை, நுளம்புச்சுருள், அப்பாவின்ர சிகரெட் இதுகளத்தான் நான் முதல்ல பார்ப்பன். இரவில இருமல், ஓடேக்க இழுப்புச் சத்தம் இருந்தா கிளினிக்கில காட்டுங்கோ, ஆறு வயசில ஊதிப் பார்க்கிற ஸ்பைரோமெட்ரி டெஸ்டும் செய்யலாம்.