இடுப்பு வலிக்கு எதற்கு மனநல ஆலோசனை?

கேள்வி: எனக்கு 46 வயது. கடலூர் புதுப்பாளையத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். இரண்டு வருடமாக இடுப்பு வலி. ஸ்கேனில் ‘டிஸ்க் பல்ஜ்’ (முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் சவ்வு பிதுங்குவது) என்று வந்தது. இப்போது பிசியோதெரபிஸ்ட், நேரில் பயிற்சிக்கு வருவதோடு, வாரம் ஒருமுறை வீடியோ காலில் உளவியலாளரிடமும் பேசச் சொல்கிறார். என் வலி பொய் என்கிறாரா? வலிக்கும் இடத்தில் கரண்ட் வைத்தால் போதாதா?

பதில்: பொய் என்று அவர் சொல்லவில்லை அம்மா. புதுச்சேரியில் என்னிடம் வருகிறவர்களும் இதே முகவாட்டத்தோடுதான் கேட்கிறார்கள்.

மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாட்பட்ட வலி. அதற்குள் சவ்வு, தசைக் காயங்கள் பெரும்பாலும் ஆறிவிடும். நரம்பு மண்டலம் மட்டும் உஷாராகவே இருக்கும். திருடன் வந்துபோன வீட்டு நாய், அப்புறம் பூனை தாண்டினாலும் குரைக்குமே, அந்த மாதிரி. குரைப்பு நிஜம்தான். தூக்கம் கெடுவதும், ‘குனிந்தால் டிஸ்க் நழுவிடும்’ என்கிற பயமும் அதைக் கூட்டிவிடும். 2015இல் வந்த ஒரு தொகுப்பாய்வில், முதுகு வலியே இல்லாத 50 வயதுக்காரர்களில் சுமார் 60 சதவீதம் பேருக்கு ஸ்கேனில் டிஸ்க் பல்ஜ் தெரிந்தது. கரண்ட் வைத்தால் கொஞ்ச நேரம் இதமாக இருக்கும், அவ்வளவுதான்.

உங்கள் தொழிலையே எடுத்துக்கொள்வோம். தீபாவளி நேரத்தில் ஒரே மூச்சில் நான்கு மணி நேரம் தைத்துவிட்டு, அடுத்த இரண்டு நாள் படுத்துவிடுகிறீர்களா? நாட்பட்ட வலியை வளர்ப்பதே இந்த வழக்கம்தான். 30 நிமிடத்தில் வலி கூடுகிறது என்றால் 20 நிமிடத்தில் எழுந்துவிடுங்கள். வலி சொல்லி எழக் கூடாது, கடிகாரம் சொல்லி எழ வேண்டும். வாரத்துக்கு இரண்டு, மூன்று நிமிடம் கூட்டலாம். கேட்க எளிது, ஆர்டர் குவிந்திருக்கும்போது எழ மனசு வராது. அந்த மனசோடுதான் உளவியலாளர் வேலை செய்வார். குனியும் பயத்தை வீடியோவில் பேசிவிட்டு, அதே வாரம் கிளினிக்கில் துணிக்கட்டைக் குனிந்து தூக்கிப் பார்க்க வேண்டும். பேச்சு மட்டுமோ பயிற்சி மட்டுமோ பாதி வைத்தியம். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், முதுகு வலிக்கு உளவியல் சிகிச்சையைப் பயிற்சியோடு சேர்த்துத்தான் தரச் சொல்கிறது.

அதனால் பணம் கட்டும் முன் ஒன்று கேளுங்கள்: ‘நீங்கள் இரண்டு பேரும் என்னைப் பற்றிப் பேசிக்கொள்வீர்களா?’ இல்லை என்றால் நான் யோசிப்பேன். உளவியலாளர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்றும் பாருங்கள். வலி முழுக்கப் போய்விடும் என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்ப வேண்டாம். முதலில் திரும்புவது தூக்கமும் வேலையும்தான். வலி மெதுவாகக் குறையும், சிலருக்குக் கொஞ்சம்தான் குறையும்.

சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, கால் பலம் இழந்தாலோ, அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். காய்ச்சலோ காரணமில்லாத எடைக் குறைவோ இருந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். இரவில் மனம் ரொம்பவும் தளர்ந்தால் அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416 உண்டு. இலவசம், 24 மணி நேரமும், தமிழிலேயே பேசலாம்.

வீட்டில் ஆள் நடமாட்டம் இருந்தால் மனம் விட்டுப் பேச முடியாது. மதியம் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஹெட்போன் மாட்டிக்கொண்டு பேசுங்கள். மொட்டை மாடி வேண்டாம், கடல்காற்று இரைச்சலில் எதிரே இருப்பவருக்கு ஒன்றும் கேட்காது.