குழந்தைகளோடு பாண்டோமைமுக்கு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு நான்கு. வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் டிசம்பரில் பாண்டோமைம் பார்க்கப் போகிறார்கள் என்று சொல்லி இருவரும் நச்சரிக்கிறார்கள். நாங்கள் பிரிட்டனுக்கு வந்து சில ஆண்டுகளே ஆகின்றன, இதைப் பார்த்ததில்லை. மகன் அவ்வளவு நேரம் சத்தம் போடாமல் உட்கார்ந்திருப்பானா?
– ஒரு தாய், ஹாரோ

பதில்: அவன் சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தால்தான் நீங்கள் கவலைப்பட வேண்டும். நவம்பர் பிற்பகுதியில் தொடங்கி சனவரி முற்பகுதி வரை இந்நாட்டின் ஊர் அரங்குகள் பலவற்றில், சிறுவர் கதைகளைப் பாட்டும் கேலியுமாக நடிக்கும் பாண்டோமைம், பார்வையாளர் வாய் திறக்காவிட்டால் நகராத நாடகம். வில்லன் வந்தால் 'பூ' (boo) என்று கூச்சலிட வேண்டும். அவன் எதையாவது மறுத்து 'ஓ நோ இட் இஸின்ட்' என்றால், அரங்கமே 'ஓ யெஸ் இட் இஸ்' என்று திருப்பிச் சொல்ல வேண்டும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் மேடைகளை ஆண்ட கோமாளி ஜோசஃப் கிரிமால்டி, பாட்டின் ஓரிடத்தில் ஒரு சொல்லைப் பாடாமல் நிறுத்திவிடுவாராம். அதைக் கூட்டம் முழங்கிய பிறகுதான் தொடர்வாராம். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

இதில் பிள்ளைகள் மிகவும் எதிர்பார்க்கும் கட்டம் பேய் வரும் காட்சி. நகைச்சுவைப் பாத்திரங்கள் இரண்டு மூன்று பேர் காட்டில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, பயம் தெரியாமல் இருக்கப் பாடத் தொடங்குவார்கள். பின்னால் பேய் மெல்ல எட்டிப் பார்க்கும். பிள்ளைகள் 'ஹீஸ் பிஹைண்ட் யூ' என்று கத்த, இவர்கள் இடப்பக்கமாகத் திரும்பினால் பேய் வலப்பக்கமாக நழுவும். ஒவ்வொரு சுற்றிலும் ஒருவரைப் பேய் துரத்திவிட, கடைசியில் ஒருவர் மட்டும் மிஞ்சுவார். பெரியவர்களின் கண்ணுக்குத் தெரியாத ஒன்று தன் கண்ணுக்குத் தெரிகிறது என்பதை நான்கு வயதுப் பிள்ளை வேறெங்கும் இவ்வளவு உரக்கச் சொல்லிவிட முடியாது.

நாம் கோயிலிலும் கச்சேரியிலும் 'பேசாதே, ஆடாதே' என்று பழக்கியிருப்பதால், நம் பிள்ளைகள் சிலர் முதல் அரைமணி நேரம் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். ஆகவே போவதற்கு முந்தைய வாரத்தில் இந்தக் கூச்சல்களை வீட்டில் சொல்லிப் பழக்குங்கள். அரங்கில் முதலில் நீங்களே கத்துங்கள். கதையையும் தமிழிலேயே முன்கூட்டிச் சொல்லி வையுங்கள், ஏனெனில் மேடையில் கேலியும் பாட்டும் குறுக்கிட்டுக்கொண்டே இருப்பதால் கதையின் இழை அடிக்கடி விட்டுப்போகும். மகனுக்கு சிண்ட்ரெல்லாவோ, இரண்டு பேர் சேர்ந்து ஒரு பசுவாக வேடமிட்டு ஆடும் ஜாக் அண்ட் தி பீன்ஸ்டாக்கோ பொருந்தும். மகளுக்கு, ஒரு பூனையால் செல்வந்தனாகும் ஏழைச் சிறுவனின் கதையான டிக் விட்டிங்டன் இன்னும் பிடிக்கலாம். கதையில் வரும் பூனைக்கு ஆதாரம் இல்லை. ஆனால் கதையில் டிக் என்று வரும் ரிச்சர்ட் விட்டிங்டன் லண்டனின் மேயராகப் பலமுறை இருந்து 1423-இல் இறந்த உண்மையான மனிதர் என்று சொன்னால் அவள் கண்கள் விரியும்.

இடைவேளையும் சேர்த்து இரண்டு முதல் இரண்டரை மணி நேரம் ஆகும். முடியும் தறுவாயில் பாட்டு வரிகள் எழுதிய திரை ஒன்றை இறக்கி, அரங்கை இரு பாதியாகப் பிரித்து, யார் உரக்கப் பாடுவது என்று போட்டி வைப்பார்கள். அந்தத் திரைக்குப் பின்னால் தொழிலாளர்கள் கல்யாண மண்டபக் காட்சியை அமைத்துக்கொண்டிருப்பார்கள் என்பதுதான் அதிலுள்ள சூட்சுமம். மகன் சோர்ந்துபோகும் நேரமும் அதுவே. எழுந்து நின்று பாடட்டும்.

கேள்வி: எந்த அரங்கு, எந்த இருக்கை, எந்த நாள்? நான்கு பேருக்கு டிக்கெட் எடுத்தால் கையைக் கடிக்கிறது.
– ஒரு தந்தை, டூட்டிங்

பதில்: முதன்முறை போகிறவர்கள் நடு லண்டனின் பெரிய நாடக அரங்குகள் உள்ள வெஸ்ட் எண்டுக்குப் போக வேண்டியதில்லை என்பது என் கருத்து. 2016-இல் பாண்டோமைமை மீண்டும் தொடங்கிய, அங்குள்ள லண்டன் பல்லேடியத்தின் நிகழ்ச்சிகள் ஆடம்பரத்துக்குப் பெயர் பெற்றவை. இரட்டை அர்த்தப் பேச்சுக்கும் அதே அளவு பெயர் பெற்றவை. உங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள நியூ விம்பிள்டன் தியேட்டர் 1910 டிசம்பர் 26 அன்று திறக்கப்பட்டதே ஒரு பாண்டோமைமோடுதான். அவ்வளவு செலவும் வேண்டாம் என்றால், உள்ளூர் அமெச்சூர் குழுக்கள் சமூகக் கூடங்களில் நடத்துபவை மிக மலிவு. தையல் பிரிந்த பசுவைப் பார்த்தும் பிள்ளைகள் அதே அளவு சிரிப்பார்கள்.

கிறிஸ்துமஸ் வாரத்தைவிட டிசம்பர் தொடக்க வார நாள்களில் பெரும்பாலும் விலை குறையும். பள்ளி நாள் என்பதால் மாலைக் காட்சியே கிடைக்கும், அது சிறியவனின் உறக்க நேரத்தில் முடியும். சனவரி முதல் வாரத்துப் பகல் காட்சிக்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருக்கையைப் பொறுத்தவரை, பழைய அரங்குகளில் தரைத்தளச் சரிவு குறைவு என்பதால் முன்னால் உயரமானவர் அமர்ந்தால் பிள்ளைக்கு முதுகுதான் தெரியும். உள்ளே நுழைந்ததும் பிள்ளையை உயர்த்தி உட்காரவைக்கும் பூஸ்டர் மெத்தையைக் கேட்டு வாங்குங்கள், அவை சீக்கிரம் தீர்ந்துவிடும். மாடியின் முதல் வரிசை நல்லது என்று தோன்றும், ஆனால் அங்கே கைப்பிடிக் கம்பி சரியாகக் குழந்தையின் கண் மட்டத்தில் வரும். நடைபாதையை ஒட்டிய இருக்கை எதுவானாலும் லாபம். கழிவறைக்கு ஓட வேண்டியிருக்கும். வாசலில் விற்கும் ஒளிரும் கோல்களுக்கு விலை அதிகம். முன்கூட்டியே வெளிக் கடையில் வாங்கிக் கையோடு கொண்டுபோங்கள்.

கேள்வி: போன வருடம் பேரப்பிள்ளைகளோடு அலாவுதீன் பார்த்தேன். ஓர் ஆண் பெண் வேடத்தில் வந்து அரங்கையே சிரிக்க வைத்தார். கதாநாயகனாக ஒரு பெண் வந்தார். பேத்தி ஏன் என்று கேட்டாள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.
– ஓர் அம்மம்மா, ஈஸ்ட் ஹாம்

பதில்: அம்மா, உங்களுக்கு இது புதிதல்லவே. நம் கூத்தில் ஆண்கள் ஸ்திரீபார்ட் கட்டுவதையும், 1935-இல் கே. பி. சுந்தராம்பாள் திரையில் நந்தனாராகவே நடித்ததையும் பேத்திக்குச் சொல்லலாம். ஒரு வேறுபாடு உண்டு. ஸ்திரீபார்ட் கட்டுகிறவர் தாம் ஆண் என்பதை நாம் மறந்துவிட வேண்டும் என்று பாடுபடுவார். நீங்கள் பார்த்த, அலாவுதீனின் தாயான விதவை டுவாங்கி போன்ற 'டேம்' பாத்திரமோ தடித்த குரலாலும் கனத்த நடையாலும் அதை நினைவூட்டிக்கொண்டே இருப்பார். கதாநாயகனாகப் பெண் நடிப்பது 19-ஆம் நூற்றாண்டில் வேரூன்றிய வழக்கம். இப்போது பல அரங்குகளில் ஆண்களே நடிக்கிறார்கள். இடையிடையே வரும் விரசமான சிலேடைகளைப் பற்றிப் பேத்தி கேட்காதவரை நீங்கள் விளக்க வேண்டாம். அவை அவளைக் கூட்டி வந்தவர்களுக்காக எழுதப்பட்டவை.

கேள்வி: என் ஐந்து வயது மகன் ஆட்டிசம் உள்ளவன். திடீர்ச் சத்தமும் வில்லனின் சிரிப்பும் அவனை மிரட்டிவிடுமோ என்று தயங்குகிறேன்.
– ஒரு தாய், பர்மிங்ஹாம்

பதில்: பல அரங்குகள் ஒவ்வொரு பருவத்திலும் ஒரு 'ரிலாக்ஸ்ட்' காட்சியாவது நடத்துகின்றன. அன்று அரங்க விளக்குகளை முழுவதும் அணைக்க மாட்டார்கள், ஒலியைக் குறைப்பார்கள், எழுந்து வெளியே போய்வருவதை யாரும் முறைக்க மாட்டார்கள், அமைதியாக இருக்க ஓர் இடமும் ஒதுக்குவார்கள். டிக்கெட் அலுவலகத்தை அழைத்து, வெடிப்பொறியும் பளிச்சிடும் விளக்கும் எந்தக் காட்சிகளில் வருகின்றன என்று கேளுங்கள். இன்னொன்று: மரபுப்படி வில்லன் பார்வையாளரின் வலக்கைப் பக்கமிருந்தும் நல்ல தேவதை இடக்கைப் பக்கமிருந்தும் வருவார்கள். எல்லா இயக்குநர்களும் இதைக் கடைப்பிடிப்பதில்லை, எனினும் இடப்பக்க இருக்கை எடுப்பதால் நட்டமில்லை. எந்தப் பக்கமிருந்து யார் வருவார்கள் என்று முன்பே தெரிந்தால் அவன் பயம் பாதி குறையும்.

கேள்வி: ஜனவரியில் எங்கள் மகளுக்கு ஆறாவது பிறந்தநாள். மேடையிலிருந்து பெயரைச் சொல்வார்களாமே? கைக்குழந்தையையும் கொண்டுவரலாமா?
– ஒரு தாய், குராய்டன்

பதில்: பல அரங்குகளில் சொல்வார்கள், சில நாள்களுக்கு முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும், சில இடங்களில் சிறு நன்கொடை கேட்பார்கள். நம் பெயர்களை அவர்கள் குதறிவிடாதிருக்க, ஒலிக்கும் விதத்தை அசை பிரித்து ஆங்கிலத்தில் எழுதிக் கொடுங்கள். கைக்குழந்தைக்கு மடியில் வைத்துக்கொண்டாலும் தனி டிக்கெட் கேட்கும் அரங்குகள் உண்டு. ஒலிபெருக்கியின் அலறலுக்கு அந்த வயது தாங்காது. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் விட்டு வாருங்கள். இல்லையென்றால் கதவோர இருக்கை எடுத்து, தள்ளுவண்டியை எங்கே நிறுத்தலாம் என்று முன்பே கேட்டுவிடுங்கள்.