34 வாரம், குழந்தை தலை மேல இருக்கு - குடியாத்தம் சிஸ்டருக்கு

சிஸ்டர், கொழந்தையோட தலை கீழ வராம மேலயே இருக்கு, என்ன பண்றதுன்னு கேட்டிருந்தீங்க. 34 வாரம்தானே ஆகுது, இன்னும் டைம் இருக்கு, நெறைய கொழந்தைங்க தானாவே திரும்பிடும். ஆனா உங்க மாமியார் சொல்ற மாதிரி ஆயாவ கூப்ட்டு வெளக்கெண்ண போட்டு வயித்த உருவறது மட்டும் வேணவே வேணாம். 36, 37 வாரத்துலயும் திரும்பலன்னா ஈசிவின்னு ஒண்ணு இருக்கு, கர்ப்பப்பை தளர ஊசி போட்டு, ஸ்கேன்ல பாத்துக்கினே டாக்டரே வயித்து மேல கைய வெச்சு அமுக்கி திருப்புவாங்க, கொழந்தை ஹார்ட்பீட் செக் பண்ணுவாங்க, ஏதாச்சும்னா ஒடனே ஆபரேஷன் பண்ணணும், அதுக்குதான் ஆஸ்பத்திரி. சுமாரா பாதி பேருக்கு திரும்பும், தலச்சனுக்கு கொஞ்சம் கம்மி. நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாய்கிட்ட கீழ இருந்தா பண்ண மாட்டாங்க. உங்களுது நெகட்டிவ் பிளட் குரூப்னா ஆன்டி-டி ஊசி (கொழந்தையோட ரத்தத்துக்கு எதிரா உங்க ஒடம்பு வேல செய்யாம தடுக்கற ஊசி) பத்தி கேளுங்க. அடுக்கம்பாறை கவர்மெண்ட் ஆஸ்பத்திரியிலயோ வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியிலயோ ஓபில விசாரிங்க. நடுவுல தண்ணி ஒடஞ்சா வலி வர்ற வரைக்கும் பாக்காம ஒடனே கெளம்பிடுங்க.