வாஷர் மாற்றியும் நிற்காத ஒழுகல்: ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் பிரேக்குக்கு என்ன செய்வது?

கேள்வி: அப்பா ஓட்டிய 1970-ஆம் ஆண்டு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் மார்க் 3 காரை நான் பராமரித்து வருகிறேன். பிரேக் ஆயில் குறைந்துகொண்டே போகிறது. பின்பக்க இடது டயரின் உட்புறம் ஈரமாக இருக்கிறது. வீல் சிலிண்டர் (சக்கரத்தில் பிரேக்கைத் தள்ளும் சிறு சிலிண்டர்) கிட், அதாவது அதன் ரப்பர் வாஷர்கள், இரண்டு முறை மாற்றியாகிவிட்டது. நாலைந்து மாதத்தில் மறுபடியும் ஒழுக ஆரம்பித்துவிடுகிறது. சிலிக்கான் பிரேக் ஆயிலுக்கு மாறினால் சரியாகிவிடும் என்கிறார் நண்பர். அதுவரை ஆயில் ஊற்றி ஓட்டலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஓட்டாதீர்கள். ஹெரால்டில் நான்கு சக்கரங்களுக்கும் சேர்த்து ஒரே சர்க்யூட்தான், அதாவது ஒரே ஆயில் பாதைதான். இன்றைய கார்களில் ஒரு பாதி போனாலும் மறு பாதி கொஞ்சமாவது பிடிக்கும். இதில் ஒரு வாஷர் விட்டுக்கொடுத்தால் நான்கும் போய்விடும். மிஞ்சுவது ஹேண்ட்பிரேக் மட்டும். அதுவும் பின் சக்கரங்களில்தான், அதாவது ஆயில் நனைந்த அதே லைனிங்கில்தான் (டிரம் என்னும் சுழலும் இரும்பு மூடியில் உரசிப் பிடிக்கும் பட்டையில்தான்) வேலை செய்யவேண்டும்.

அடுத்து, ஒழுகுவது பிரேக் ஆயில்தானா என்று பாருங்கள். பின் சக்கரத்தில் ஆக்ஸில் பக்கத்துக் கிரீஸோ ஆயிலோ கசிந்தாலும் டயர் இப்படித்தான் நனையும். ஈரத்தைத் தொட்டு, ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு விடுங்கள். பிரேக் ஆயில் தண்ணீரோடு கலந்துவிடும். கிரீஸும் கியர் ஆயிலும் மேலே மிதக்கும். ஆனால் மாஸ்டர் சிலிண்டரில் (பிரேக் ஆயில் ஊற்றும், பெடல் அழுத்தும் சிலிண்டரில்) அளவு குறைகிறது என்கிறீர்கள், அதனால் பிரேக் ஆயிலாகத்தான் இருக்கும்.

கிட் மாற்றியும் நிற்காததற்குக் காரணம் ரப்பர் இல்லை, சிலிண்டரின் உட்சுவர். நாம் ஊற்றும் கிளைகால் வகை பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சென்னை மாதிரிக் கடலோர ஊர்களில், அதிலும் ஐப்பசி கார்த்திகை மழையில், நின்றே கிடக்கும் வண்டிக்கு இது இன்னும் மோசம். அந்த ஈரம் வார்ப்பிரும்புச் சுவரில், பெரும்பாலும் பிஸ்டன் அசையாமல் நிற்கும் இடத்தின் அடிப்பக்கத்தில், துருவைக் கிளப்பும். துரு அரித்த இடத்தில் குண்டூசித் தலை அளவுக்குக் குழி விழும். புது வாஷர் போட்டதும் சில வாரம் அடைத்துக்கொண்டு நிற்கும். பிறகு ஒவ்வொரு மிதிக்கும் குழியின் கூரான விளிம்பு ரப்பர் உதட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி எடுக்கும். உங்கள் நாலைந்து மாதக் கணக்கு அப்படியே இதற்குப் பொருந்துகிறது.

ஆகவே டிரம்மைக் கழற்றுங்கள். வண்டியை ஜாக்கியில் மட்டும் நிற்கவிடாமல் ஸ்டாண்ட் கொடுத்து, முன் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். ஹேண்ட்பிரேக்கை விடுவித்து, லைனிங் இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் சதுரத் தலை அட்ஜஸ்டரைத் தளர்த்தி, டிரம்மின் இரண்டு ஸ்க்ரூக்களை எடுத்தால் வந்துவிடும். உள்ளே இருக்கும் தூசியை ஊதாதீர்கள், ஏர் பிடிக்கவும் வேண்டாம். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு அதிகம். ஈரத் துணியால் துடைத்து எடுங்கள்.

பைப்பைக் கழற்றும் முன் மாஸ்டர் சிலிண்டர் மூடிக்கு அடியில் ஒரு பாலிதீன் துண்டை வைத்து இறுக்கிவிட்டால் ஆயில் வழிவது வெகுவாகக் குறையும். நட்டுக்கு அதைச் சுற்றிப் பிடிக்கும் ஃபிளேர் ஸ்பேனர்தான் சரி. சாதாரண ஓப்பன் ஸ்பேனர் போட்டால் துருப்பிடித்த நட்டின் முனை மழுங்கி, பைப்பும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும்.

சிலிண்டரைக் கழற்றி பிஸ்டனை எடுத்தபின், உட்சுவரைச் சுத்தமான ஸ்பிரிட்டால் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்து, விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். வெறும் கறையாக இருந்தால் 600 நம்பர் நீர்ப் பேப்பரை பிரேக் ஆயிலில் நனைத்து வட்டமாகத் தேய்த்தால் போய்விடும். நகம் எங்காவது தட்டினால் அந்தச் சிலிண்டர் அப்படியே உதவாது. "இன்னொரு கிட் போட்டுப் பார்ப்போம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். புது சிலிண்டர் கிடைத்தால் போடுங்கள். ஹெரால்டுக்குக் கிடைப்பது சிரமம் என்றால் நல்ல லேத் பட்டறையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்லீவ் (உள்குழாய்) அடித்து, பழைய அளவுக்கே கடைந்து தரச் சொல்லுங்கள். நம் ஊர் ஈரத்துக்கு ஸ்லீவ்தான் மேல் என்பேன், துரு மறுபடி அங்கே வராது. சென்னையில் உதிரிபாகக் கடைகள் உள்ள புதுப்பேட்டையிலோ ஜி.பி. ரோட்டிலோ பழைய ஸ்டாக் சிலிண்டர் அகப்பட்டாலும் இதே நகச் சோதனையைக் கடையிலேயே செய்துவிடுங்கள். பல வருடம் அலமாரியில் கிடந்ததும் துருப்பிடிக்கும்.

ரப்பர் பாகங்களை பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் எதிலும் கழுவாதீர்கள். உப்பிப் போய்விடும். வாஷரின் உதடு ஆயில் இருக்கும் பக்கம் பார்க்கவேண்டும். இந்த வண்டியில் பின் சிலிண்டர் பேக்பிளேட் (பிரேக் பாகங்களைத் தாங்கும் பின்தகடு) துளையில் முன்னும் பின்னும் நகரவேண்டும் என்பதைப் பல பட்டறைகளில் மறந்துவிடுகிறார்கள். அது இறுகிவிட்டால் ஒரு லைனிங் மட்டுமே பிடிக்கும். பேக்பிளேட்டுக்குப் பின்னால் ஹேண்ட்பிரேக் லீவரை மூடும் ரப்பர் பூட் கிழிந்திருந்தால் கட்டாயம் மாற்றுங்கள், மழைத்தண்ணீர் உள்ளே போவது அந்த வழியாகத்தான். ஆயில் குடித்த லைனிங்கைக் கழுவிப் போடவே கூடாது. இரண்டு பின் சக்கரங்களுக்கும் சேர்த்து மாற்றுங்கள், இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

வலது சிலிண்டரையும் திறந்து பார்த்துவிடுங்கள். அதற்கும் அதே வயது, அதே ஆயில். ஹோஸ்களை (வளையும் ரப்பர் குழாய்களை) மடக்கிப் பார்த்து வெடிப்பு இருந்தால் நான்கையும் மாற்றுங்கள்.

சிலிக்கான் ஆயிலைப் பற்றி. டாட் 5 எனப்படும் அது ஈரத்தை இழுக்காது, பெயின்டையும் அரிக்காது, உண்மைதான். ஆனால் குழி விழுந்த சுவரை எந்த ஆயிலும் அடைக்காது. பழைய ஆயிலோடு அது கலக்கக் கூடாது என்பதால் எல்லா ரப்பரையும் மாற்றி, பைப்புகளையும் முழுக்கக் கழுவவேண்டும். எப்படியோ உள்ளே போன தண்ணீர் ஆயிலில் கரையாமல் தாழ்ந்த இடத்தில் தேங்கி அங்கேயே துருவேற்றும். என் யோசனை கிளைகால் வகையான டாட் 4. புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி, ஈரம் ஏறியபின் 155 டிகிரி செல்சியஸ் கொதிநிலை. டாட் 3-க்கு இது 205, 140. சீல் உடைக்காத ஒரு லிட்டர் போதும். காரின் பெயின்டில் சிந்தினால் தேய்க்காமல் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

ஏர் எடுக்கும் முன், அதாவது பைப்புக்குள் புகுந்த காற்றை வெளியேற்றும் முன், லைனிங்கை அட்ஜஸ்ட் செய்துவிடுங்கள். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமான பின் இடதில் தொடங்கி, பின் வலது, முன் இடது, முன் வலது என்று வாருங்கள். பெடலுக்கு அடியில் ஒரு மரத்துண்டு வைத்துக்கொள்வது முக்கியம். அன்றாட ஓட்டத்தில் பெடல் பாதி தூரம்தான் போகும். அதற்கு அப்பால் மாஸ்டர் சிலிண்டரில் துரு சேர்ந்திருக்கும். ஏர் எடுக்கும்போது அடிவரை மிதித்தால் வாஷர் அந்தத் துருவில் உரசிக் கிழியும். பின் சக்கரத்தைச் சரிசெய்த கையோடு மாஸ்டர் சிலிண்டர் ஒழுகத் தொடங்குவது பல நேரம் இதனால்தான்.

எல்லாம் முடிந்ததும் பெடலை ஒரு நிமிடம் அழுத்தியபடியே வைத்திருங்கள். வெளியே ஒழுகல் இல்லாமல் பெடல் மெதுவாக இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர் வாஷர் உள்ளுக்குள் விடுகிறது. ஹெரால்டில் பானெட்டைத் தூக்கினால் அது கண்ணெதிரே இருக்கும். அதன் கீழே பெயின்ட் உரிந்திருக்கிறதா, உள்ளே பெடல் கம்பி நனைந்திருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்திலிருக்கும் கிளட்ச் மாஸ்டர் சிலிண்டரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பெடல் இறங்காமல் நின்றால், இரவு நான்கு சக்கரங்களுக்கு அடியிலும் வெள்ளைக் காகிதம் விரித்துவிட்டுக் காலையில் பாருங்கள். காகிதம் காய்ந்திருந்தால் ஆளில்லாத மைதானத்தில் மெதுவாக ஓட்டிப் பிடித்துப் பார்த்தபின் ரோட்டுக்கு எடுங்கள். பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மொத்தமாக மாற்றுங்கள், வண்டி ஓடியிருந்தாலும் நின்றிருந்தாலும்.