வாசகர் கேள்வி: பார்க்க யாரும் வராதவர்களுக்காகப் பேசுவது

கேள்வி: அமெரிக்காவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். நர்சிங் ஹோமில் இருக்கும் என் தோழியைப் பார்க்கப் போகும்போதெல்லாம், பக்கத்து அறையில் ஒரு மூதாட்டி அழைப்பு மணியை அழுத்திவிட்டு நெடுநேரம் காத்திருப்பதைக் காண்கிறேன். அவரைத் தேடி யாரும் வருவதில்லை. இத்தகையவர்களுக்காகப் பேசும் தன்னார்வலர்கள் உண்டாமே? அதற்குச் சட்டப் படிப்பு வேண்டுமா? நிர்வாகத்தோடு சண்டையிட நேருமா?

பதில்: சட்டப் படிப்பு வேண்டாம்; பொறுமையாகக் கேட்கும் காது வேண்டும். நம் ஊரில் நர்சிங் ஹோம் என்றால் சிறிய மருத்துவமனை என்று பொருள் கொள்வதால், நீங்கள் குறிப்பிடுவது நீண்ட காலம் தங்கிப் பராமரிப்புப் பெறும் இல்லம் என்பதை மற்ற வாசகர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். இவ்வில்லவாசிகளின் குறைகளைக் கேட்டுத் தீர்க்கும் 'ஆம்பட்ஸ்மன்' திட்டம் 1972இல் அமெரிக்காவின் ஐந்து மாநிலங்களில் சோதனை முயற்சியாகத் தொடங்கியது. 1978இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தம் அதை எல்லா மாநிலங்களுக்கும் கட்டாயமாக்கியது. அதில் சான்று பெற்ற தன்னார்வப் பிரதிநிதியாவதற்குக் கூட்டரசு வகுத்த தரப்படி 36 மணி நேரத் தொடக்கப் பயிற்சி உண்டு.

பயிற்சியில் சட்ட விவரங்களைக் கற்றுக்கொள்வது எளிது. இல்லவாசியின் ஒப்புதல் இல்லாமல் எதையும் செய்யக்கூடாது என்ற விதிக்கு மனம் பழகுவதுதான் கடினம். அந்த மூதாட்டி தன் குறையை உங்களிடம் சொல்லிவிட்டு, "யாரிடமும் சொல்லிவிடாதீர்கள், பிறகு என் மேல் கோபப்படுவார்கள்" என்று கேட்டுக்கொண்டால், நீங்கள் சொல்லக்கூடாது. அவர் பெயரை அவருடைய பிள்ளைகளிடம்கூட வெளியிடக்கூடாது. பெரியவர்களுக்கு எது நல்லது என்பதை நாமே தீர்மானித்துப் பழகிய நமக்கு இது நெஞ்சை உறுத்தும். ஆயினும் எப்போது எழுவது, எப்போது உண்பது என்பதையெல்லாம் பிறர் முடிவு செய்யும் ஓர் இடத்தில், அவருடைய சொல்லுக்குக் கட்டுப்பட்டு நடக்கும் ஒரே ஆளாக நீங்கள் இருப்பதே அவருக்குக் கிடைக்கும் பெரிய துணை என்று நான் உறுதியாக நம்புகிறேன். அடுத்தடுத்த வாரங்களிலும் நீங்கள் போய் அருகில் உட்கார்ந்தால், அச்சம் குறைந்து அவரே "சரி, கேளுங்கள்" என்று சொல்லக்கூடும்.

அப்படி அவர் சம்மதித்த பிறகும் பெரும்பாலும் சண்டைக்கு இடமிருக்காது. அழைப்பு மணிக்கு ஆள் வராதது இரவிலா, உணவு நேரத்திலா, விடுமுறை நாள்களிலா என்று அவரிடம் விசாரித்துக்கொண்டு செவிலியர் தலைவியிடம் பேசினால், ஆள் போதாத நேரம் எது என்பது தெரிந்துவிடும். பிறகு மீண்டும் அறைக்குச் சென்று கேட்க வேண்டும். குறை தீர்ந்ததா என்று சொல்ல வேண்டியவர் நிர்வாகி அல்லர், அந்த மூதாட்டிதான். உறுதியாக எதிர்த்து நிற்க வேண்டிய இடமும் உண்டு: விருப்பத்துக்கு மாறாக ஒருவரை வெளியேற்ற முனையும்போது, பொதுவாக 30 நாள் முன்னதாக எழுத்து மூலம் காரணம் தெரிவித்து, அதன் படியை ஆம்பட்ஸ்மன் அலுவலகத்துக்கும் இல்லம் அனுப்ப வேண்டும், இல்லவாசிக்கு மேல்முறையீட்டு உரிமையும் உண்டு. இது பலருக்குத் தெரிவதே இல்லை.

விண்ணப்பிக்கும்போது உங்கள் தோழி அந்த இல்லத்தில் இருப்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். சார்பு நேராதபடி உங்களை வேறோர் இல்லத்துக்கு அனுப்பக்கூடும். அந்த மூதாட்டிக்காக நீங்கள் பயிற்சி முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆம்பட்ஸ்மனின் தொலைபேசி எண்ணை எல்லோர் கண்ணிலும் படும்படி இல்லத்தில் ஒட்டி வைத்திருக்க வேண்டும் என்பது விதி. யார் வேண்டுமானாலும் அழைத்து முறையிடலாம். அடுத்த முறை போகும்போது அவர் அறைக்குள் சென்று, அந்த எண்ணை அழைக்கட்டுமா என்று அவரிடமே கேளுங்கள்.